அஞ்சும் எட்டும் செத்த கீபோர்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். உன் உடம்பு எப்படி இருக்கு, அந்தச் சளி விட்டுச்சா, நேரத்துக்குச் சாப்பிடறியா. இங்க நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், மத்ததை அப்படிச் சொல்ல முடியலை. போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்பே. போன்ல நான் வாயைத் திறந்தா சரி விடுங்கப்பான்னு நீ முடிச்சுடுவே, அதுதான் சாக்குன்னு நானும் விட்டுடுவேன். அதனாலதான் பேனாவை எடுத்தேன். முதல்ல வீட்டுச் சமாச்சாரம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னையும் படியையும் சேர்த்துத் திட்டுறா. சமையல்கட்டுக் குழாய் இன்னும் சொட்டுது, பிளம்பர் மூணு வாரமா நாளைக்கு வரேன்னு சொல்லிக்கிட்டு இருக்கார். உன் அத்தை பொண்ணுக்குக் கேட்ட இடத்துக்கே மாத்தல் கிடைச்சிடுச்சு. உன் ரூம் ஜன்னல் கொக்கியை நானே சரி பண்ணேன், இப்ப ஜன்னல் திறக்கவே மாட்டேங்குது, உங்கம்மாகிட்ட அந்தப் பேச்சை எடுக்காதே.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரத்த டெஸ்ட் லேப்ல நான் ரிப்போர்ட் அடிக்கிற கீபோர்டுல டீ கொட்டி அஞ்சும் எட்டும் செத்துப்போச்சே, அப்ப நீதான் போன்ல வழி சொன்னே. பழைய ரிப்போர்ட் ஒண்ணைத் திறந்து வச்சு, அதுல இருக்கிற நம்பரைக் காப்பி பண்ணி வேணுங்கிற இடத்துல ஒட்டுங்கப்பா, ரெண்டு நாள் ஓட்டுங்க, அதுக்குள்ள புதுசு வாங்கச் சொல்லுங்கன்னே. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என் காதுல ஏறலை. ரெண்டு நாளை ஏழு மாசமாக்கினேன். பக்கவாட்டுல நம்பர் எல்லாம் தனியா இருக்குமே, அதுவும் இல்லாத சின்ன கீபோர்டு அது. காலையில போனதும் அஞ்சைக் காப்பி பண்ணி வச்சுக்குவேன், அஞ்சு வர்ற இடத்துல எல்லாம் ரெண்டு விரலால ஒரு தட்டு, விழுந்துடும். எட்டு வந்தா மட்டும் போய் எட்டைக் காப்பி பண்ணி ஒட்டிட்டு, திரும்ப மறக்காம அஞ்சைக் காப்பி பண்ணிக்கணும், ஏன்னா அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் ஞாபகத்துல வச்சிருக்கும். வேகம்னா அப்படி ஒரு வேகம். வர்றவங்க போறவங்களை எல்லாம் நிறுத்தி வேடிக்கை காட்டுவேன். முதலாளி ரெண்டு தடவை புதுசு வாங்கிடலாமான்னு கேட்டார், எதுக்கு சார், நமக்குப் பழகிடுச்சுன்னு நான்தான் மார் தட்டினேன். ஊசியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயசுல உனக்கு ரத்தம் எடுக்கும்போது சுவத்துல பல்லி எத்தனைன்னு எண்ணச் சொல்லுவாங்களே, அவங்கதான், சார் இந்த வித்தையை வெளியில சொல்லிடாதீங்க, எல்லாரும் கத்துக்கிட்டா உங்களுக்கு மவுசு போயிடும்னு கிண்டல் பண்ணுவாங்க. நானும் இளிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன மாசக் கடைசியில ஒரு நாள் காலையிலேயே நல்ல கூட்டம். ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருத்தர், சுகருக்கு மாத்திரை போடறவர், வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டுப் போனார். ஊசியம்மா மெஷின்ல பார்த்து, எப்பவும்போல துண்டுச் சீட்டுல எழுதி அனுப்பினாங்க. 58. அது ரொம்பக் குறைச்சல், அதைப் பார்த்திருந்தா டாக்டர் மாத்திரையைக் குறைச்சிருப்பார். ஆனா அதுக்கு முந்தின ஆளோட ரிப்போர்ட்டுல ஒரு எட்டு இருந்திருக்கு, அதை ஒட்டினவன் திரும்ப அஞ்சைக் காப்பி பண்ண மறந்துட்டேன். அஞ்சுன்னு நினைச்சு ஒரு தட்டு தட்டினேன், எட்டு விழுந்திருக்கு, அது பக்கத்துல எப்பவும்போல எட்டைக் காப்பி பண்ணி ஒட்டினேன். ஒட்டினதைத் திரும்பிப் பார்க்கலை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. 88ன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. டாக்டர் அதைப் பார்த்துட்டு, பிரமாதம், மாத்திரையை இப்படியே போடுங்கன்னு அனுப்பிட்டார். மூணாம் நாள் அந்த மனுஷன் குளிக்கப் போன இடத்துல மயங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். இனிமே எழுந்து நடப்பாரான்னு யாரும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கறாங்க.

அவர் சம்சாரம் ரிப்போர்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு லேப்புக்கு வந்தாங்க. சத்தம் போடலை, அதுதான் இன்னும் மோசம். விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில பார்த்தப்போ சுகர் அடிமட்டத்துல இருந்துச்சாம், நீங்க எப்படி நல்லா இருக்குன்னு குடுத்தீங்கன்னு மட்டும் கேட்டாங்க. மெஷின்ல பழைய நம்பர் எதுவும் நிக்காது, அதுல சரி பார்க்க வழியில்லை. முதலாளி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். என்னைக் காட்டி, சார் அடிக்கிறதுல தப்பு வராது, ஊசியம்மா எழுத்துதான் கோழிக் கிறுக்கல், அவங்கதான் ஏதோ கிறுக்கியிருப்பாங்கன்னு அவராவே முடிவு பண்ணிட்டு, எதுக்கும் அந்தச் சீட்டைத் தேடுங்கன்னு எங்கிட்ட சொன்னார். அடிச்சு முடிச்ச சீட்டை எல்லாம் மேஜை மேல இருக்கிற கம்பியில குத்தி வைப்பேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். அன்னிக்குன்னு பார்த்து அஞ்சு அஞ்சாவே இருந்துச்சு, எட்டு எட்டாவே இருந்துச்சு. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, கிடைக்கலை சார்னு போய்ச் சொன்னேன். உன் அப்பன்தான் அம்மாடி சொன்னேன். சாயங்காலமே ஊசியம்மாவை நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பதினொரு வருஷம் ஒரே ரூம்ல வேலை பார்த்தவங்க. போகும்போது எங்கிட்ட வந்து, தேடினதுக்கு நன்றி சார்னு வேற சொல்லிட்டுப் போனாங்க.

அதுல இருந்து ஒரு சட்டையில இருந்து அடுத்த சட்டைக்கு அந்தச் சீட்டு மாறிக்கிட்டே இருக்கு. கிழிச்சுப் போடவும் மனசு வரலை, குடுக்கவும் தைரியம் வரலை. ஞாயித்துக்கிழமை சொல்லியே தீரணும்னு ஊசியம்மா வீட்டுக்குப் போனேன். உட்காருங்க சார்னு சொல்லிட்டு ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில வச்சாங்க. பக்கம் பக்கமா வெறும் அஞ்சும் எட்டும். இத்தனை வருஷமா என் எழுத்தைப் படிச்சவர் நீங்கதான், உண்மையைச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு போச்சா கை போச்சான்னு கேட்டாங்க. எதிர்வீட்டு அம்மா ஊசி போட்டுவிடக் கூப்பிட்டதுக்கு, இனிமே இந்தக் கையை நம்பி யாரையும் தொட மாட்டேன்னு மறுத்துட்டாங்களாம். நல்லாத்தாம்மா இருக்குன்னு சொல்லி, குடுத்த டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன். உங்கம்மாகிட்ட அன்னிக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன். அதுல இருந்து படி ஏறும்போது திட்டுறதோட சரி, மத்தபடி அவ என்கூடப் பேசறதில்லை.

இதுவரைக்கும் நேத்து எழுதினது. இன்னிக்குக் காலையில ஊசியம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டேன். வாசல்ல நின்னபடியே சீட்டை எடுத்து அவங்க கையில குடுத்து, தப்பு என்னோடதுன்னேன். திட்டுவாங்கன்னு நின்னேன், திட்டலை. எத்தனை நாளா சார் இது உங்க கையில இருக்குன்னு மட்டும் கேட்டாங்க. ஒன்பது நாள்னேன். அப்ப ஞாயித்துக்கிழமையும் இருந்துச்சான்னாங்க. ஆமாம்னேன். சீட்டைத் திருப்பிக் குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அங்க இருந்து நேரா முதலாளிகிட்ட போய்ச் சீட்டை மேஜை மேல வச்சு எல்லாம் சொன்னேன். சாவியை வச்சிட்டுப் போங்கன்னார். அவரே ஊசியம்மாவைப் போய்க் கூப்பிட்டாராம், இப்ப ஊசியை எடுத்தாலே கை நடுங்குதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். நாளைக்கு அந்த டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்ன சொல்றதுன்னு தெரியலை, ஆனா போறேன்.

நீ சொல்லிக் குடுத்த வழியாலதான்னு மனசைப் போட்டு உழப்பிக்காதே, உன்மேல எள்ளளவும் தப்பு இல்லை, நீ ரெண்டு நாள்னுதான் சொன்னே. ராத்திரி கண் விழிச்சு வேலை பார்க்காதே, குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ. நீ எங்க இருந்தாலும் குறையில்லாம நல்லா இருக்கணும், உன் கையால யாருக்கும் ஒரு கெடுதல் வரக் கூடாது, அதுதான் என் ஆசீர்வாதம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, ஊசியம்மாவுக்கு நீ போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா மனசு இளகி, அப்பாமேல கோவம் இல்லைம்மான்னு சொல்லிடுவாங்க. அவங்க கோவமா இருக்கட்டும், அவங்களுக்கு அதையாவது விட்டு வைப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா