சனிக்கிழமை காது மெஷின் மேஜை

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது, அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், அது பொய்யாக இருந்தாலும் நீ திருத்த வேண்டாம். சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தரதரவென்று இழுப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

நூலகத்தில் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சமூகத் தொழில்முனைவு சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றபோது நீ சிரித்தாயே, அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கே அந்த வார்த்தை முதலில் வாயில் நுழையவில்லை. நூலகப் பெண்மணிதான், நீங்க இத்தனை வருஷம் யூனிஃபார்ம் தைக்கிற கடை நடத்தினவங்க, ஊருக்கு உபயோகமா ஒரு தொழில் எப்படி நடத்தறதுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க, லாபம் வந்தாலும் அது ஊருக்கே திரும்பணும், அவ்வளவுதான் விஷயம் என்று என்னைக் குழந்தைகள் பகுதியில் இருக்கும் குட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். எட்டுப் பிள்ளைகள். நான் கையோடு ஒரு திட்டமும் கொண்டுபோயிருந்தேன், மிச்சத் துணியில் பை தைத்து விற்பது. வீடு வீடாகப் போய், பை வேணுமா என்று கேட்டுவரச் சொன்னேன். நாற்பது வீட்டிலும் வேணும் என்றார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஸ்கேல் என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையன் மெதுவாகக் கையைத் தூக்கி, ஆன்ட்டி, எல்லார் வீட்டுலயும் கதவுக்குப் பின்னாடி ஒரு பை தொங்குது, அந்தப் பை நிறைய பை இருக்கு, நம்ம மூஞ்சிக்காக வேணும்னு சொல்றாங்க என்றான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மை, என்ன செய்வது.

கேள்வியை மாற்றியது வாயாடி. அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது அவள் வகுப்பு ஆசிரியை, நான் இல்லை. வீட்டுல இருந்தும் உபயோகப்படாம கிடக்கிற ஒரு பொருளைக் காட்டுங்கன்னு கேட்டா என்ன ஆன்ட்டி என்றாள். போய்க் கேட்டார்கள். உடைந்த குடை, ஓடாத கடிகாரம், இவற்றோடு பதினோரு வீட்டில் மேஜை டிராயருக்குள்ளிருந்து காது மெஷின் வந்தது. கெட்டுப்போனது ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் அழுக்கு அடைத்தோ பேட்டரி தீர்ந்தோ கிடந்தவை. மாத்திரை அளவு பேட்டரியை நடுங்கும் விரலால் எப்படி மாற்றுவது, அதற்காகப் பிள்ளைகளை எத்தனை தடவை கூப்பிடுவது என்று வெட்கப்பட்டு உள்ளே வைத்துவிட்டார்கள். காது மெஷின் கடைக்கார அம்மாவிடம் பிள்ளைகளே போய்ப் பேசி, சின்ன பிரஷ், பூதக்கண்ணாடி, எப்படித் துடைப்பது என்கிற பாடம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, சனிக்கிழமை காலையில் நூலக வாசலில் மேஜை போட்டுவிட்டார்கள். முடிந்தவர்கள் பெட்டியில் காசு போடலாம், முடியாதவர்கள் போட வேண்டாம், யார் போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது, அந்தக் காசில்தான் எல்லோருக்கும் பேட்டரி, இது ஸ்கேல் எழுதிய சட்டம். மூன்றே வாரத்தில் வரிசை படிக்கட்டு வரை வந்துவிட்டது.

நாலாவது வாரம் கண் பட்டதுபோல் ஒன்று நடந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், தனியாக இருப்பவர், தன் மெஷினைக் கொடுத்துவிட்டு உள்ளே பேப்பர் படிக்கப் போனார். காதுக்குள் வைக்கும் அச்சை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மெஷினில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. வாயாடி யாரிடமோ கதை பேசிக்கொண்டே முழுசையும் கிண்ணத்தில் முக்கிவிட்டாள். செத்துப்போயிற்று மெஷின். அந்தக் குழந்தையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மெஷினுக்குள்ளயே ஏதோ பழுதுன்னு நான் சொல்லிச் சமாளிச்சுக்கறேன், நீ வீட்டுக்குப் போ என்றேன். ஆமாம், சொன்னேன், இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள், வேண்டாம் ஆன்ட்டி, நான்தான் கெடுத்தேன், நானே சொல்றேன் என்று அழுதுகொண்டே உள்ளே போனாள். போய்ச் சொன்னால் அவருக்கு எங்கே கேட்கிறது, ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு நூலகமே அதிர, சரி, வேற மெஷின் வர்ற வரைக்கும் சாயங்காலம் வந்து ஊர்ச் சேதி சொல்லிட்டுப் போ, அதான் தண்டனை என்றார்.

பதினைந்து நாள் போனாள். மூச்சுவிடாமல் பேசுகிற பெண், பேச வந்ததையெல்லாம் சிலேட்டில் எழுத வேண்டியிருந்தது. நாலாம் நாளே, இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி ஆன்ட்டி ஒரு வரியில எழுதறது என்று என்னிடம் வந்து நொந்துகொண்டாள். அவர் போடும் பதில் தெருமுனை வரை கேட்குமாம். இதற்கிடையில் மற்ற ஏழு பேரும் சும்மா இருக்கவில்லை, இறந்துபோனவர்களுடைய மெஷின் வீட்டில் இருந்தால் கொடுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று வந்தது. கடைக்கார அம்மா அதில் ஒன்றை அவர் காதுக்குத் தகுந்தபடி மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். அன்றைக்கு வாயாடி பக்கத்தில் நின்று, தாத்தா, கேக்குதா என்றாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு, கத்தாதே, உன் குரல் இவ்வளவு கீச்சுன்னு சிலேட்டுல தெரியலையே என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். வரிசையில் எட்டாவது ஆளாக டோக்கனைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றி ஒரு மெஷின், நீ வெளிநாடு போன வருஷமே வாங்கி இரண்டு நாள் போட்டுப் பார்த்து ஒளித்துவைத்ததாம். ஒரே வீட்டில் இருக்கிறேன், ஊரெல்லாம் டிராயரைத் திறந்து பார்க்கச் சொன்னவள் நான், இவர் தலையாட்டுவதை வைத்துக் கேட்கிறது என்று நினைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக நீ கூப்பிடும்போதெல்லாம், இரு, அம்மாகிட்ட குடுக்கறேன் என்று போனை என்னிடம் நீட்டிவிடுவாரே, வெளிநாடு போனதில் அவருக்கு இன்னும் கோபம் என்று நீ மருமகளிடம் சொல்லி வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். கோபமே இல்லையடா கண்ணா. நீ பேசியது அவருக்குக் கேட்கவில்லை, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று நீ அனுப்பியிருந்த குரல் செய்தியை என் போனில் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டார். முடித்துவிட்டு, பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கறானே, படி ஏறிக்கிட்டே பேசறானா, உக்காந்து பேசச் சொல்லு என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசி. குளிரில் தொப்பி போடாமல் வெளியே போகாதே, மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அப்பாவிடம் கத்திப் பேசாதே, மெதுவாகவே பேசு.

பாசத்துடன்,
உன் அம்மா