தோள் லேசான கதை

என் வீட்டுக்காரருக்கு அன்போடு எழுதுவது,

நானும் மகளும் சுகம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே என்றாள். சொல்லிவிட்டேன், தெரியாத மாதிரி இருங்கள்.

தோள்வலி எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொன்னால் வயிற்றெரிச்சல்தான். எங்கள் தையல் கம்பெனிக்கு யோகா சொல்லித்தர ஒரு டீச்சரை வரவழைத்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் துணி வெட்டும் மேசைகளை ஒதுக்கிப் பாய் விரிக்க வேண்டும். முட்டி போட்டு, கைகளை ஊன்றி, ஒரு கையை மற்றக் கைக்கு அடியில் நீட்டி, தோளையும் காதையும் பாயில் சாய்க்க வேண்டும். ஊசியில் நூல் கோர்ப்பது என்று அதற்குப் பெயராம். பொழுது விடிந்தால் ஊசியோடு மாரடிக்கிறவளுக்கு இது வேறு! அந்தப் பாயின் நாற்றம் இருக்கிறதே, அத்தனை பேர் கால் வியர்வையும் மெஷின் எண்ணெயும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வந்தது. மூச்சை நன்றாக இழுங்கள் என்றார் டீச்சர். எங்கே இழுப்பது?

ஆனால் பொய் சொல்லக் கூடாது. டீச்சர் நல்ல மாதிரி. வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள், வம்படியாக இழுக்காதீர்கள் என்று பதமாகத்தான் சொல்லித்தந்தார். கொஞ்ச நாளில் முதுகு இளகியது. கையைத் தூக்க வராமல் இருந்தவள், என் தலையை நானே வாரிக்கொண்டேன். பக்கத்து மெஷின் அக்காவுக்கும் தோள்வலி விட்டது, ஒரே பூரிப்பு. வெள்ளந்தி மனுஷி, சூப்பர்வைசரிடமே போய், ‘தோளு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு சார், நீங்க நல்லா இருக்கணும்’ என்று வாழ்த்திவிட்டு வந்தாள்.

மறுநாளே அந்தச் சூப்பர்வைசர் எங்கள் வரிசை தைக்க வேண்டிய சட்டைக் கைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டான். ‘வலிதான் போயிடுச்சே, இன்னும் என்ன?’ என்று இளித்தான். அந்த மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அக்காவால் ஈடுகொடுக்க முடியவில்லை. மறுபடி கையைத் தூக்க வராமல் போனதும், ‘வீட்லயே ரெஸ்ட் எடும்மா’ என்று ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். அவள் பாயில் சாய்ந்து சிரிக்கிற போட்டோ மட்டும் கம்பெனிச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. தூ!

நேற்று என்னைக் கூப்பிட்டான். யோகாவால் எங்கள் வலியெல்லாம் தீர்ந்தது, இப்போது வேலையே தெரியவில்லை என்று நான் வீடியோவில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் லைன் லீடர் ஆக்குவானாம். அந்தச் சம்பளம் வந்தால் நீங்கள் இந்த வருஷமே திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் மனசு ஆடியது. ஆடியதற்காக என்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. ‘வேற ஆளப் பாருங்க சார்’ என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டேன்.

என்மேல் கோபப்படாதீர்கள். நீங்களும் மூட்டை தூக்குகிறவர். அறைக்கு வந்ததும் சுத்தமான போர்வையை விரித்து, மேலே எழுதியபடி மெதுவாகச் செய்து பாருங்கள். வலி குறையும். குறைந்தால் எனக்கு மட்டும் எழுதுங்கள். உங்கள் மேஸ்திரி காதில் போட்டுவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருக்கும்
உங்கள் மனைவி