வெறும் தண்ணீரில் ஒரு கோடு

செவ்வாய், இரவு

தாலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்கான சோதனையில், ரத்தத்தில் மரபணுக் கோளாறு இருந்தால் ஜெல்லில் ஒரு கோடு ஒளிரும். சரிபார்ப்பதற்காக ஒரு ட்யூபில் வெறும் தண்ணீரும் வைப்போம். அதில் எதுவும் தெரியக் கூடாது. இன்று தெரிந்தது. நோயாளிகளின் ட்யூப் எதிலும் கோடு இல்லை.

"இன்னாம்மா, தண்ணிக்கே சீக்கு வந்துகீது?" என்று சிரித்தார், லேபில் கூட வேலை செய்யும் செல்வி அக்கா. "பழைய ரத்தம் தெறிச்சிருக்கும். இல்லாங்காட்டி உன் எச்சி பட்டிருக்கும். நாளைக்கு மறுபடி போட்டுக்கலாம், வுடு."

என்னால் விட முடியவில்லை. அந்த ட்யூபை நிரப்பும்போது மாஸ்கை இறக்கிவிட்டு ரவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எச்சில்தான் என்றால் அந்தக் கோடு என்னுடையது. எனக்கு மட்டும் இருந்தால் பரவாயில்லை. கட்டிக்கொள்கிறவனுக்கும் இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து.

நாளை என் ரத்தத்தையும் வைத்துப் பார்த்துவிடலாம். வேறு யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ரவி என் மாமா பையன். அவனுடைய தாத்தாதான் எனக்கும் தாத்தா. எனக்கு இருந்தால் அவனுக்கும் இருக்கலாம்.

எங்கள் கல்யாணத்துக்கு அடையாறில் மண்டபம் கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டான். "சொந்தத்துல கட்டிக்கிறது எவ்ளோ நிம்மதி பாரு," என்றான். "உன்கிட்ட எனக்குத் தெரியாதது இன்னா கீது?"