நீ இறங்க வேண்டிய ஸ்டேசன்

அக்கா,

இப்போதுதான் ஈப்போ பக்கமிருந்து மின்சார ரயில் ஒன்று போனது. அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடி, உள்ளே இருந்த வெற்றிக்கோப்பை சாய்ந்துவிட்டது. சின்னப் பேரன் பேச்சுப் போட்டியில் பேராக் மாநிலத்திலேயே முதலாவதாக வந்து வாங்கியது. நிமிர்த்தி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். மூத்த பேரன் பினாங்கில் என்ஜினியர். அவன் தங்கச்சி தைப்பிங் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, ஊசி போடுகிற வேலை. மகள் வயிற்றுப் பேத்தி இருக்கிறாளே, அவள் ரயில் ஓட்டுகிறாள்! பால்மரம் வெட்டினவள் பேத்தி ரயில் ஓட்டுகிறாள் என்றால் தோட்டத்தில் நம்மை வேலை வாங்கின தண்டல் நம்புவாரா? மரத்தைக் காயப்படுத்துகிற இரண்டு கோடாரி என்று நம்மைத் திட்டினவர் ஆச்சே.

"ஒரு நாளைக்குப் பாட்டி வீட்டு முன்னால நிறுத்தேன்டி" என்று கேட்டேன்.

"ஐயோ பாட்டி, இது என்ன பஸ்ஸா லா? நிறுத்துனா மறுநாள் உங்ககூட உக்காந்து கீரைதான் ஆயணும்."

சிரித்தேன். கீரை ஆயக்கூட இந்த வீட்டில் இன்னொரு ஆள் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

எந்த நல்ல சேதியையும் முதலில் உனக்கு எழுதித்தான் பழக்கம். போன மாதம் உன் மகள் போன் செய்து நீ போய்விட்டதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். ஆனால் கை கேட்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. என் மகன் ஈப்போவில் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்கிறான். இந்த வீட்டைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருசமாக மாட்டேன், மாட்டேன் என்று சொல்லி வந்ததற்குக் காரணம் நீ. அதை அவனிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை.

நம்ம ஸ்டேசன் ஞாபகம் இருக்கிறதா? பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே தண்டவாளம். தோட்டத்து ரப்பர் சீட்டை மூட்டை மூட்டையாக ஏற்றத்தான் வெள்ளைக்காரன் அதைக் கட்டினான் என்று என் அப்பா சொல்வார். ஆள் ஏறினது பிறகுதானாம். கரி எஞ்சின் போய் டீசல் வந்ததை நாம் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். மெயில் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாசஞ்சர்தான் நமக்கு. காலை பாசஞ்சர் ஊதினால் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்க ஓடுவோம். கடிகாரம் யாரிடம் இருந்தது?

ஈப்போவுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நான்தான் பிந்தி வருவேன். நீ ஒரு கால் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில் என்று நின்றுவிடுவாய். பொம்பளை ஏறி முடிக்காமல் கார்டு விசில் ஊதமாட்டார் என்று உனக்குத் தெரியும். ஸ்டேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பச்சைக் கொடியோடு ஓடி வருவார்.

"பிள்ளை, இது ரயில், உங்கட வீட்டு வாசல் இல்லை. காலை எடுங்கோ!"

"எடுக்கிறேன் ஐயா. எந்தக் காலைன்னுதான் யோசிக்கிறேன்."

பெட்டி முழுக்கச் சிரிக்கும். அதற்குள் நான் முந்தானையை அள்ளிக்கொண்டு வந்து ஏறிவிடுவேன்.

உனக்குச் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவங்களுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று சட்டம் வந்ததும், பெர்மிட் கிடைக்காத நீங்கள் குடும்பத்தோடு பினாங்கு போய்த் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு நான் பிந்தவில்லை. விடியுமுன்னே வந்து நின்றேன். உன் வீட்டுக்காரர், பிள்ளை, டிரங்குப் பெட்டி எல்லாம் ஏறியாகிவிட்டது. நீ மட்டும் பழையபடி ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டு நின்றாய்.

"அங்க போயி பேப்பரெல்லாம் சரி பண்ணிட்டு வந்துருவேன். எனக்குக் கோலாலம்பூரும் தெரியாது, கிள்ளானும் தெரியாது. இந்த ஸ்டேசன்லதான் எறங்குவேன். நீ எங்கேயும் போயிடாத புள்ள."

அன்றைக்கு மாஸ்டர் ஓடி வரவில்லை. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். கார்டும் ஊதவில்லை. யாராவது சத்தம் போட்டிருந்தால் நீ ஒரு பதில் சொல்லியிருப்பாய், சிரித்திருப்போம். கடைசியில் நீயாகத்தான் காலைத் தூக்கினாய்.

நான் எங்கேயும் போகவில்லை, அக்கா. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். சனம் ஈப்போ, செமோர் என்று பிரிந்தது. என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்துத் தண்டவாளத்தை ஒட்டி இந்த மலிவு வீட்டை வாங்க வைத்தேன். "ரயில் சத்தத்துல மனுசன் தூங்குவானா?" என்றார். அவரும் போய்விட்டார். ஏற ஆள் இல்லாமல் பாசஞ்சர் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு இரட்டைத் தண்டவாளம் போட வந்தவர்கள் ஸ்டேசனைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். இப்போது கம்பி வேலிதான் இருக்கிறது. உட்புறம் லாலாங் புல்.

ஸ்டேசன் போன பிறகும் நான் இருந்தேன். இறங்குகிறவளுக்கு ஒரு தெரிந்த முகமாவது வேண்டாமா? அந்திக்கு வேலியோரம் போய் நிற்பேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, "நெனெக், துங்கு சியாப்பா?" என்று கேட்பாள், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் பாட்டி என்று. "காற்று வாங்குகிறேன்" என்பேன்.

உன் சேதி வந்த பிறகும் இரண்டு நாள் போய் நின்றேன். மூன்றாம் நாள் எதற்கு என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சரி என்று சொல்லப் போகிறேன். ஈப்போ விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் மகள்தான் இதைப் பிரிப்பாள், பிரிக்கட்டும். அம்மாடி, இது உனக்கு. உன் அம்மாவிடம் நான் ஒரு தடவைகூடப் படம் கேட்டதில்லை, நேரில்தான் பார்க்கப் போகிறோமே என்று. என்னிடம் இருக்கிற அவள் முகத்துக்கு இன்னும் முப்பது வயசுகூட ஆகவில்லை. நரைத்த பிறகு எடுத்த படம் எதுவாக இருந்தாலும் சரி, அதைப் புதுசாக ஒரு காப்பி போட்டு அனுப்பு. கைப்பேசியில் வேண்டாம் கண்ணு. தபாலில் போடு.