பொட்டு இல்லாத டேப்ரெக்கார்டர்

மாசி 11, திங்கள்

இன்று கிடைத்த பாராட்டு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

வில்லாபுரம் தையல்கடை வசந்தா அக்கா, கரகர சத்தத்தைச் சரிசெய்யத்தான் டேப்ரெக்கார்டரை என் ரிப்பேர் கடையில் தந்திருந்தார். உள்ளே அடித்த கிளீனர் ஸ்பிரே கேசட் மூடியிலும் தெறித்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருந்த பிளாஸ்டிக், மோர் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. மூடியைக் கழற்றிவிட்டு அடித்திருக்க வேண்டும், என் தப்புதான். நைஸ் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். பிறகு டூத்பேஸ்ட் வைத்து வேட்டித் துணியால் இரண்டு நாள் தேய்த்தேன். பழைய கீறல்கூட மிச்சமில்லை.

இன்று வந்த அக்கா பார்த்ததுமே முறைத்தார்.

“தம்பி, இது எங்க செட்டு இல்ல. மாத்திக் குடுக்குறீங்க. ஆயுத பூசைக்கு மூடியில வச்ச பொட்டு எங்க?”

அப்போதுதான் புரிந்தது. ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கறை என்று நினைத்து அதையும் தேய்த்து எடுத்திருக்கிறேன்! சட்டென்று செட்டைத் திருப்பிக் காட்டினேன். நல்லவேளை, பின்பக்கத்தை நான் தொடவில்லை. பேட்டரி மூடியில் வருடா வருடம் வைத்த சந்தனம் அடுக்கடுக்காக இருந்தது.

“அட, நம்ம செட்டுதான்! மூடிய இம்புட்டு பளபளன்னு ஆக்கிட்டீங்களே!”

கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து, கேசட் மூடியில் அங்கேயே ஒரு பொட்டு வைத்தார்.

“நாத்தனார் ரேடியோவையும் நாளைக்குக் கொண்டாரேன். அதையும் இதே மாதிரி ஆக்கிக் குடுங்க.”

வெளுக்க வைத்ததே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டார்.

நாளை சொல்லிவிட வேண்டும். ஆனால் ரேடியோவைக் கையில் வாங்கியதும், பொட்டு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.