சிங்கிளில் பிசிறிய குரல்

இன்று காலை ஐயம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அந்த மழைப் பாட்டைப் போட்டார்கள். ஆல்பத்தில் வந்த பதிவு. இரண்டாம் சரணத்தில் குரல் வழுவழுவென்று இறங்கியது. நீ இருந்திருந்தால், "இது மொதல்ல வந்தது இல்லபா" என்று டிரைவரிடம் ஆரம்பித்து, இறங்கும் வரை விளக்கியிருப்பாய். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் வரை போனேன்.

காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில் உன் கேசட் கடை. வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார, நீ மட்டும் டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாய். துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், இரைச்சல் இல்லாமல் பதிந்து தருவாய். பெரிய காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் உன் காதை நம்பித்தான் பாட்டுக் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த பாட்டு அது. சினிமாப் பாட்டு இல்லை. முதலில் அதை மட்டும் சிங்கிள் கேசட்டாக விட்டார்கள். சில மாதம் கழித்து முழு ஆல்பம் வந்தது. அதில் ஆரம்பத்தில் நீளமான புல்லாங்குழல், கடைசியில் கூடுதலாக ஒரு சரணம். நான் ஆல்பத்தின் கட்சி. நீ சிங்கிளை விட்டுக்கொடுக்கவே மாட்டாய்.

"ரெண்டாவது சரணத்துல 'இன்னும்'னு பாடற எடத்துல கொரல் பிசிறுது பாரு. தறியில பாவுல ஒரு இழ அறுந்தா மாதிரி. ஆல்பத்துல அத்தத் திரும்பப் பாட வெச்சி சரி பண்ணிட்டாங்க. பாட்டே அங்கதான்பா இருக்குது."

"பாட்டுல ஒண்ணும் இல்ல. உன் டேப்பு தேஞ்சிபோச்சி, இல்லன்னா உன் காது கெட்டுப்போச்சி" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

ஆனால் விடவில்லை. எங்கெங்கோ தேடி, பிரிக்காத சிங்கிள் ஒன்றை வேலூரில் ஒரு கடையில் பிடித்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்து, மேல்தாளை என் கண்ணெதிரே கிழித்து, ஹெட்போனை என் தலையில் மாட்டினாய்.

"கேட்டுச்சா?"

கேட்டது. குரல் அந்தச் சொல்லில் உடைந்து, உடனே சேர்ந்துகொண்டது. அழகாக இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அடித்துச் சொன்னவன் நான்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றேன்.

மறுபடி போட்டாய். மறுபடியும் அதையே சொன்னேன். சின்ன வயதில் சீழ் பிடித்த உன் இடது காதை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாய். கேசட்டை எடுத்துக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகுதான் பதிந்த கேசட்டை வாடிக்கையாளரிடம் நீட்டி, "சரியா இருக்குதா, கேட்டுப் பாரு" என்று நீ கேட்க ஆரம்பித்தாய். கொஞ்ச நாளில் பதிவதையே நிறுத்திவிட்டு, கம்பெனி கேசட்டுகளை மட்டும் விற்றாய். "என் காத நம்ப முடியலபா" என்றாய். நான் தினமும் சாயங்காலம் வந்து உன்னோடு டீ குடித்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கஷ்டமானது.

ஐந்தாறு வருஷம் போனது. ஒரு சி.டி. வந்தது. சிங்கிளில் வந்தது, ஆல்பத்தில் வந்தது என்று அட்டையிலேயே அச்சடித்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். 'இன்னும்' என்ற இடத்தில் பிசிறிய குரலை ஆல்பத்துக்காகத் திரும்பப் பாடவைத்தோம் என்றும் அதில் எழுதியிருந்தது. அதை என் வீட்டுக்கு எடுத்து வந்தாய். பாட்டு ஓடும்போது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அன்னைக்கே உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"இத்தினி வருசமா என் காது போயிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா." சி.டி.யை எடுத்து அட்டைக்குள் வைத்துக்கொண்டு நீ கிளம்பினாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு மாதம் உன் தெருப்பக்கமே நான் வரவில்லை. அப்புறம் ஒருநாள் மனசு கேட்காமல் வந்தேன். பழைய டேப் டெக்கைத் துடைத்து வைத்து எதையோ பதிந்துகொண்டிருந்தாய். தலையைத் தூக்காமல், "ஒக்காரு" என்றாய். டீ வந்த பிறகு, "கேட்டா கேட்டுச்சின்னு சொல்லு, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்பா" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அதற்குள் கேசட்டில் பதிந்து வாங்கும் ஆட்கள் போய்விட்டார்கள். உன் காதைத் தேடி ஊர் வந்த காலத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பித் தர வழியில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதம் கடையிலேயே உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் நான் காது பரிசோதனைக்குப் போனேன். வகுப்பில் பிள்ளைகள் பேசுவது சரியாகக் காதில் விழுவதில்லை. சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும் என்றாள் பரிசோதிக்கும் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை அசைவது எனக்குத் தெரிந்தது. எப்போது சத்தம் போடுகிறாள் என்று பார்த்தே அழுத்தியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெறைய எடத்துல கேக்கல போல சார்" என்றாள்.

"ஆமாம்மா, கேக்கல" என்றேன்.