ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கிய பின்னல்

போன சனிக்கிழமை பாண் வாங்கச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஹோர்சன்ஸ் நகரத் துறைமுகத்தடியில் திரும்பும்போது அந்த மணம் வந்து மூக்கில் ஏறியது. பழைய எஞ்சின், முழுதாய் எரியாத பெற்றோல், சூடேறிய எண்ணெய். இப்போதைய கார்களிடம் அந்த மணம் இல்லை. பாதிக் கார்களுக்கு எஞ்சினே இல்லை. சைக்கிளை விட்டு இறங்கினேன்.

பழைய கார்களைக் கண்காட்சிக்கு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் மடக்கு நாற்காலிகளில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கூடாரம். அதற்குள்ளே பலகைகளில் பழைய புகைப்படங்கள். தொண்ணூறுகளில் வடக்கே அந்தக் கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் நடந்த டிராக் பந்தயப் படங்கள். சும்மா பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாவது பலகையில் நீ இருந்தாய்.

வெள்ளைக் கார். மூக்கு சற்றே எழும்பியிருக்கிறது. பின்சக்கரத்தைச் சுற்றிப் புகை. திறந்த ஜன்னலுக்குள் உன் தலைக்குப் பெரிதான ஒரு ஹெல்மெட்; அதற்குக் கீழே தோளில் தொங்கும் பின்னல். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். படத்தின் கீழே ‘பெயர் தெரியாத ஓட்டுநர்’ என்று டேனிஷில் எழுதியிருந்தார்கள்.

கூடாரத்தில் நின்ற மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தெரிந்தவரா?” என்று கேட்டார். எனக்கு முதலில் “ஓம்” என்று தமிழில்தான் வந்தது. உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதியதில் ஓர் எழுத்து தவறியது. பேனாவை வாங்கி, பழைய வரியை வெட்டிவிட்டு நானே எழுதினேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். “பந்தயத்தில் அவருடைய புறப்பாடு நன்றாக இருக்கும். அது நினைவிருக்கிறது” என்றார். அத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு டேனிஷ்காரன் உன் புறப்பாட்டை நினைவு வைத்திருக்கிறான். அதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று வீடு வரும்வரை துடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் எழுதுகிறேன்.

எல்லாம் தொழிற்சாலையின் கார் தரிப்பிடத்தில் தொடங்கியது. நாம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிய காலம். பனி கொட்டிய ஒரு மாலை. எங்களோடு வேலை செய்த கிர்ஸ்டனின் பழைய கார் எஞ்சின் பிடிக்காமல் இருமிக்கொண்டே நின்றது. எல்லோரும் பேருந்துக்கு ஓட, நீ மட்டும் நின்றுவிட்டாய்.

“சோக்கை இழுத்து இழுத்துப் பெற்றோலில மூழ்கடிச்சுப்போட்டா. கொஞ்ச நேரம் விடச் சொல்லு. பிறகு அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணச் சொல்லு.”

“பஸ் போகுதடி!”

“போகட்டும். நீ சொல்லு.”

அப்போது உன்னைவிட எனக்கு டேனிஷ் கொஞ்சம் கூட வரும். குளிரில் பல்லுக் கிட்டக் கிட்ட மொழிபெயர்த்தேன். உன் அப்பா மன்னாரில் வாடகைக் கார் ஓட்டியவர் என்பதும், அவருடைய காரின் பொனெட்டுக்குள் தலையை விட்டபடியே நீ வளர்ந்தவள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். கார் பிடித்தது. கிர்ஸ்டன் எங்களை வீட்டில் இறக்கிவிட்டாள். வழியில், கோடையில் தான் டிராக் பந்தயம் ஓடுவதாகவும் நாங்கள் பார்க்க வரவேண்டும் என்றும் சொன்னாள். அவளுடைய வயதையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்து, டேனிஷ்தான் பிழையாக விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

பிழையாக விளங்கவில்லை. ஆனி மாதத்தில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். வெறும் வயல்களுக்கு நடுவில் நீட்டி நிமிர்ந்த ஓடுபாதை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்குக் கம்பத்தில் மஞ்சள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை வரும். பிறகு கால் மைல், நேரே. வளைவு கிடையாது. அவ்வளவுதான் பந்தயம். பெரிய அமெரிக்கக் கார்கள் டயரைச் சுழலவிட்டுச் சூடாக்கும்போது எழுந்த சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன். நீ கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். திரும்பி என்னைப் பார்த்தபோது உன் முகம் புகையால் கறுத்திருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு.

“எடி, இதை நான் செய்யோணும்.”

“உனக்கு விசரே?”

“ஓம்” என்றாய்.

அடுத்த குளிர்காலம் முழுவதும் உன் வீட்டுக் கொட்டகையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அறுபதுகளில் சுவீடனில் செய்தது, முதுகு உருண்டது. கிர்ஸ்டன் எங்கேயோ வயற்புறத்தில் ஒரு கமக்காரனிடம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். உன் கணவர் அருள் ஒன்றும் பேசாத மனிதர். விளக்கைப் பிடித்துக்கொண்டு உனக்குப் பக்கத்தில் நின்றார். அதுதான் அவருடைய சம்மதம். ஊர்ச்சனம் அப்படி விடுமா? காருக்குக் கீழே படுத்திருக்கும் பொம்பிளை என்று உன்னைப் பற்றி ஹோர்சன்ஸ் தாண்டியும் கதை போனது.

கதை தலைநகருக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருந்த உன் அண்ணன்வரை போய்ச் சேர்ந்தது. உன்னையும் அருளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். உன் மூத்தவள் கோவிலில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில், மண்டபம் நிறையச் சனம் இருக்க, சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினார்.

“தங்கச்சி, உனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. அங்கை ஒண்டு நடந்தால் ஆர் பாக்கிறது?”

நீ கையில் இருந்த கேக் துண்டை முடித்தாய். பிறகு ஆறுதலாகச் சொன்னாய்.

“அண்ணை, நான் இவளைக் கையில வச்சுக்கொண்டு மன்னாரிலயிருந்து வள்ளத்தில கடல் தாண்டினனான். அண்டைக்கு ஒருத்தரும் எனக்கு ஹெல்மெட் தரேல்லை. இஞ்ச ஹெல்மெட் தாறாங்கள், பிறேக்கைச் சோதிச்சுப் பாக்கிறாங்கள், அம்புலன்சைக் கொண்டுவந்து பக்கத்தில விட்டிட்டுத்தான் போகச் சொல்லுறாங்கள். இதுக்கு ஏன் பயப்பிடுறியள்?”

“அதுவும் இதுவும் ஒண்டே?”

“இல்லை அண்ணை. அண்டைக்கு வேற வழியில்லாமல் போனனான். இது நான் விரும்பிப் போறது.”

அண்ணன் தன் குடும்பத்தோடு விருந்து முடிய முதலே புறப்பட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு நீ குசினிக்குள் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த கோடை, உன் முதல் பந்தய நாள் காலையில் மெல்லிய வெயில். முதல் ஓட்டத்தில் நீ பச்சைக்கு முன்பே பாய்ந்துவிட்டாய். சிவப்பு விளக்கு. அந்த ஓட்டம் கணக்கில் சேராது. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாய். “இன்னொரு ஓட்டம் இருக்குத்தானே” என்று நீயே உனக்குச் சொல்லிக்கொண்டாய். அப்போதுதான் வேலிப்பக்கமாக அருள் கையைக் காட்டினார். உன் அண்ணன் நின்றார். கோவிலுக்குப் போகும் கோட்டும் சப்பாத்தும் போட்டு, கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தலோடு. டோஸ்ட்ருப்பிலிருந்து விடியவே புறப்பட்டிருக்கிறார்.

“தேத்தண்ணி கொண்டந்தனான்” என்றார். நீ பாதிக் கோப்பை குடித்துவிட்டு மிச்சத்தை அவரிடமே கொடுத்தாய்.

பின்னேர ஓட்டத்தில் உனக்குப் பக்கத்தில் ஒரு பொடியன், உன்னுடையதைவிடப் பலமான ஜெர்மன் கார். மஞ்சள்கள் இறங்கின. அவன் பச்சையைப் பார்த்துப் புறப்பட்டான். நீ பச்சை எரிந்த கணத்திலேயே புறப்பட்டிருந்தாய். உன் மூத்தவள் வேலியில் ஏறி நின்று, “மோர், கோர்! கோர்!” என்று டேனிஷில் கத்தினாள். அம்மா, ஓட்டு, ஓட்டு. நானும் அதையே கத்தினேன். உன் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பாதையின் கடைசிப் பகுதியில் அவன் உன்னை எட்டிப் பிடித்துக்கொண்டே வந்தான். ஆனால் பிடிக்கவில்லை. அரைக் கார் நீளத்தில் நீ முந்திவிட்டாய்.

“வெண்டிட்டாளோ?” அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“வெண்டிட்டாள் அண்ணை!”

அடுத்த ஓட்டத்தில் கியர் பெட்டி உடைந்து, இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. உன் அண்ணன் கோட்டைக் கழற்றிவிட்டு அருளோடு சேர்ந்து காரைத் தள்ளினார். நான் அன்று ஒரு முழு பிலிம் சுருளையும் முடித்தேன். கழுவி வந்தபோது எல்லாவற்றிலும் பாதிக் கார், அல்லது வெறும் புகை. “நீ படம் எடுக்க முதலே நான் போயிட்டன், அதுக்கு நான் என்ன செய்யிறது?” என்று அவற்றையும் பத்திரமாக ஆல்பத்தில் ஒட்டினாய்.

மூன்று கோடைகள் ஓடினாய். பிறகு துரு அந்தக் காரின் அடித்தட்டைத் தின்றுவிட்டது. உதிரிப் பாகங்களுக்கென்று கிர்ஸ்டனிடம் கொடுத்தாய். அழுவாய் என்று நினைத்து உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ மீன் வெட்டிக்கொண்டிருந்தாய். “கார் போகட்டுமடி. ஓடினது நான்தானே” என்றாய்.

உன் கடைசி வருடத்தில் ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான். அருளுக்குக் கண் சரியில்லாமல் போய்விட்டது. எனக்கு லைசென்ஸ் இருந்தும், நெடுஞ்சாலைப் பக்கம் போனதேயில்லை. எங்கே போவதானாலும் ஊர்ப்பாதையால் சுற்றித்தான் போவேன். முதல் நாளே நீ மறித்துவிட்டாய். “எனக்கு இப்ப சுத்திப் போக நேரமில்லை. மோட்டர்வையில ஏறு.” ஏறினேன். ஒரு லொறிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு போனேன். நீ சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாய், கண்ணும் மூடியிருந்தது.

“லொறிக்குப் பின்னால ஏன் ஒளிக்கிறாய்?”

“பயமா இருக்கடி.”

“இருக்கட்டும். கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு, விலத்து. பயம் பின் சீற்றில இருந்து வரட்டும்.”

லொறியை விலத்தி முன்னால் போனேன். நீ கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் போய் வந்தோம். நோயைப் பற்றி நாம் அதிகம் கதைக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் நான் விலத்திய லொறிகளைப் பற்றித்தான் கதைத்தோம். உன்னை இனி அழைத்துவரத் தேவையில்லை என்று ஆகிவிட்ட அன்று, திரும்பும் வழியில் நான் தனியே ஓட்டினேன். ஊர்ப்பாதையால் வரவில்லை.

உன் மூத்தவள் இப்போது தலைநகர்ப் பக்கம் புரொண்பியில் இருக்கிறாள். சென்ற மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கு அரைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வழக்கமாக ரயிலில்தான் போவேன். அன்று காரை எடுத்தேன். கடலுக்கு மேலே போகும் பெரிய பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கடல். ஆனாலும் உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “ஆன்ரி, ஆர் கொண்டுவந்து விட்டது?”

“ஒருத்தரும் இல்லை. நான்தான் ஓடி வந்தனான்.”

“இந்தக் காத்துக்கை பாலத்தாலயோ?”

“ஓம்.”

அவள் குழந்தையை என் கையில் தந்தாள். நல்ல கனம். நித்திரையில் காலை ஒரு உதை உதைத்தது. பயம் எனக்குப் போய்விட்டதென்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். அது இருக்கிறது. ஆனால் போகிற இடத்தை இப்போது நான்தான் தீர்மானிக்கிறேன். இன்னும் ஓடக்கூடிய தூரம் எனக்கு மிச்சமிருக்கிறது.